தானே திறக்கும் கத்திரிக்கோல்

பன்னிரண்டு நாளில் அது மூன்றாவது மென்பொருள். பின்னறையில் அவள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு நீலக் கோடு நகர்வேனா என்று கிடந்தது. வெளியே கணவர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். போய்வர இருபத்திரண்டு தப்படி. எண்ண வேண்டுமென்று அவள் எண்ணவில்லை, காது தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஏறலையா?"

"எண்பது பர்சென்ட்."

"நீ கத்திரிக்கோல் விஷயத்தைப் பாக்கப் போறியா, இல்ல கம்ப்யூட்டருக்கு வேஷம் மாத்திக்கிட்டே இருக்கப் போறியா?"

அவள் நீலக் கோட்டையே பார்த்தாள். பதில் சொன்னால் நடை நின்றுவிடும், பேச்சு தொடங்கிவிடும். நடையே தேவலாம்.

அவருக்குச் சொந்தமாக ஒரு சலூன். கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து நடத்துவது. ஆளுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு கண்ணாடி. இரண்டரை மாதத்துக்கு முன்பு கடையில் டியூப் லைட் மாற்ற ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஒரு பக்கம் போக, அவர் இன்னொரு பக்கம் விழுந்தார். வலது மேல்கை எலும்பு முறிந்தது. எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு எழவில்லை. கையை நீட்டினால் உள்ளங்கை தண்ணீரில்லாத செடி மாதிரி கீழே தொங்கியது.

"எலும்பைச் சுத்திப் போற நரம்பு நசுங்கியிருக்கு. அறுந்துபோகலை, அது நல்ல விஷயம்" என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். பொறுமையா இருங்க."

"எத்தனை மாசம்?"

"ஆறு ஆகலாம், எட்டும் ஆகலாம். சிலருக்கு முழுசா வராமலும் போகலாம்."

மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் கத்திரிக்கோலைப் பிடிக்க முடிந்தது, மூடவும் முடிந்தது. திறக்கத்தான் முடியவில்லை. கட்டைவிரல் விரியாது. முடி வெட்டுவது என்றால் கத்திரிக்கோலை மூடுவதுதான் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். திறப்பது பாதி வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இடது கையில் மெஷினைப் பிடித்து ஓட்டிப் பார்த்தார். மொட்டை அடிக்க அது போதும். சீப்பு வைத்துக் கத்திரியால் வெட்டுவதற்குத்தான் அவரிடம் ஆட்கள் வருவார்கள், அதற்கு இடது கை உதவாது.

மருந்துக்கடையில் தானாகத் திறந்துகொள்ளும் கத்திரிக்கோல் ஒன்று கிடைத்தது. கை முடியாதவர்கள் நூலும் காகிதமும் வெட்டுவதற்கானது. அவர் தன் நெற்றி முடியிலேயே வெட்டிப் பார்த்தார். அது முடியை வெட்டவில்லை, மென்றது.

"என் கத்திரிக்கோலே தானா திறந்தா நல்லாருக்கும்" என்று அன்று சொன்னார். சும்மா சொன்னதுதான். அவள்தான் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது வேலை. வீட்டுப் பின்னறையில் ஒரு பட்டறை வைத்திருந்தாள்: ஒரு வைஸ், சின்ன டிரில்லிங் மெஷின், கூட வேலை செய்த ஒருத்தி ஊர் மாறிப் போனபோது கொடுத்துவிட்டுப்போன பழைய முப்பரிமாண பிரிண்டர். அடுப்புத் திருகு, அலமாரிக் கீல் என்று உடைந்தது எதுவானாலும் யாராவது வரைந்து இணையத்தில் போட்டிருப்பார்கள், அவள் எடுத்து அச்சடித்துக்கொள்வாள். இந்தத் தடவை எங்கே தேடியும் இல்லை. முடிவெட்டும் கத்திரிக்கோலில் மாட்டுகிற ஸ்பிரிங் கிளிப்பை யாருமே வரைந்திருக்கவில்லை. அவளே வரைந்தாக வேண்டும், அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும், அது இலவசமாகவும் வேண்டும்.

கணவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "யாருக்கும் தெரியக்கூடாது. எலும்பு உடைஞ்சா ஒட்டிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நரம்புன்னு சொன்னா வேற மாதிரி பாப்பாங்க. கை சொன்னபடி கேக்காதவன்கிட்ட யாரு கழுத்தை நீட்டுவா?"

முதலில் ஏற்றியது ஊர் பேர் தெரியாத பலர் சேர்ந்து எழுதிய மென்பொருள். காசு கேட்காது, கணக்குத் திறக்கச் சொல்லாது, கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் போட்ட ஒரு கோட்டின் அளவை மாற்றினால், கடைசியில் போட்ட துளை தன் இடத்தை விட்டுவிட்டு வேறொரு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். "எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கு. ஒண்ணை மாத்தினா ஒம்பதுக்குக் கோவிச்சுக்குது." கணவர் அன்றைக்குச் சிரித்தார். யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாமலில்லை.

இரண்டாவதில் வரையவே வேண்டாம், எழுத வேண்டும். ஒரு கட்டை, இத்தனை மில்லி. அதிலிருந்து ஓர் உருளையைக் கழி. கூட்டல் கழித்தல் போலச் சுத்தமாக இருந்தது. ஆனால் கத்திரிக்கோல் பிடியின் வளைவை வார்த்தையில் எப்படிச் சொல்வது? மூன்று சாயங்காலம் முயன்றாள். வந்தது சோப்புப்பெட்டி மாதிரி இருந்தது.

இப்போது ஏறிக்கொண்டிருந்த மூன்றாவது ஒரு பெரிய கம்பெனியுடையது. பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு இலவசம் என்று போட்டிருந்தது. ஏறி முடித்ததும் அவள் ஒரு வட்டம் வரைந்தாள். மடிக்கணினியின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. இரண்டாவது வட்டத்தில் திரை அப்படியே உறைந்தது.

"என்ன சத்தம்?" என்றார் கூடத்திலிருந்து.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சத்தம்."

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டாளி வந்தான். அவரைவிடப் பத்து வயது சின்னவன், அண்ணே அண்ணே என்று பின்னால் நிற்கிறவன். உட்காரச் சொன்னதும் நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தான். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, ஒருத்தர் நாற்காலி கேக்குறாரு. நல்ல வேலைக்காரர். ஒண்ணாந்தேதியிலிருந்து வரேங்குறாரு."

"என் நாற்காலியையா?"

"காலியா இருக்குறதைப் பாத்துக் கேக்குறாரு. நான் எதுவும் சொல்லலை. உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

அவர் பட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "எலும்பு கூடிடுச்சு தம்பி. ஒண்ணாந்தேதிக்கு முன்னால நானே வந்துடுவேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். ஒன்றாம் தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் நான்காவதுக்குப் போனாள். அது கணினியில் ஏற்ற வேண்டியதே இல்லை, இணையத்தில் திறந்தால் போதும், கனமான வேலையெல்லாம் எங்கோ அவர்களுடைய கணினியில் நடக்கும். அவளுடைய கிழட்டு மடிக்கணினியில் வெண்ணெய் மாதிரி ஓடியது. சேரும்போது ஒரு பக்க நிபந்தனைகள் வந்தன. நடுவில் ஒரு வரி: இலவசக் கணக்கில் வரையப்படும் எல்லா வரைபடங்களையும் மற்றவர்கள் பார்க்கவும் நகலெடுக்கவும் முடியும். அவள் அந்த வரியைப் படித்தாள். இவ்வளவு பெரிய உலகத்தில் என் கிளிப்பை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து, சம்மதம் என்று அழுத்தினாள்.

இரண்டு நாளில் கிளிப் உருவானது. கோப்புக்கு 'இவர் கை' என்று பெயர் வைத்தாள். தன் ஞாபகத்துக்காக ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டாள்: மணிக்கட்டு தொங்கும். கட்டைவிரல் தானாக விரியாது. நாள் முழுக்க நின்று வெட்டுகிறவர், கனம் கூடாது.

முதல் கிளிப்பில் ஸ்பிரிங்கையும் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்தாள். நாற்பது தடவை மூடித் திறந்ததும் ஒடிந்தது. இரண்டாவதில் பழைய அளவு டேப்பின் எஃகுப் பட்டையை வெட்டி, இரண்டு விரல் வளையங்களுக்கும் நடுவில் வில் மாதிரி வளைத்து வைத்தாள். கத்திரிக்கோல் தானாகத் திறந்தது. அவர் கையில் வாங்கி மூடினார். திறந்தது. மறுபடி மூடினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"விரலை இழுக்குது" என்றார். "வாயை ஆன்னு பொளந்துட்டுப் போகுது. கட்டைவிரல் கூடவே போகுது பாரு."

உண்மைதான். அடுத்த மூன்று கிளிப்பும் அப்படித்தான் இழுத்தன. எஃகுப் பட்டையை மெல்லியதாக்கினால் திறக்கவில்லை, தடிமனாக்கினால் விரலைப் பிய்த்தது. ஒன்பது நாள் மிச்சம். அவள் கடையில் ஒரு லென்ஸைத் தப்பான அச்சில் தேய்த்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது மடிக்கணினி டிங் என்றது. திறந்தே இருந்தது. நடந்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். யாரோ செய்தி அனுப்பியிருந்தார்கள்: 'உங்கள் கணவர் கைக்கு இப்போது எப்படி இருக்கிறது?'

அவள் தலையைத் துவட்டியபடி வந்தபோது அவர் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன?"

அவள் படித்தாள். கீழே ஓரத்தில், இதுவரை பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று இருந்தது.

"இதுல வரையுறது எல்லாருக்கும் தெரியுமா?"

"ம்."

"உனக்கு அது முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. "படிச்சேன்" என்றாள். "யாரு வந்து பாக்கப்போறாங்கன்னு நெனச்சேன்."

"கூடப் பொறந்த அக்காகிட்ட நான் சொல்லலை. கடையில ஒருத்தர்கிட்ட சொல்லலை. நீ என் கையைப் படம் போட்டு, விரல் விரியாதுன்னு எழுதி, இருநூறு பேருக்குக் காட்டியிருக்க."

"உங்க பேரு எங்கயும் இல்ல."

"கை என்னுதுதானே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவள் வரைபடத்தை அழித்தாள். அழித்த பிறகுதான் தோன்றியது, நகலெடுத்தவர்களிடம் இருப்பது இருக்கத்தானே செய்யும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மாமியாரைத் திறந்தாள். கோப்பு வீட்டை விட்டு வெளியே போகாத இடம் அது ஒன்றுதான். முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். பிடி, வளையம், பட்டை நுழையும் பள்ளம். பன்னிரண்டு மணி வாக்கில் பிடியின் தடிமனை நாலிலிருந்து மூணரையாக்கினாள். பள்ளம் காணாமல் போனது, துளை அந்தரத்தில் நின்றது, பக்கவாட்டில் ஏழு சிவப்புக் குறிகள் வரிசையாக எரிந்தன. அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கால் மட்டும் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

அவர் கடைக்குத்தான் போயிருந்தார். உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கூட்டாளி ஒற்றை ஆளாக வெட்டிக்கொண்டிருந்தான். காத்திருந்தவர்களில் ஒருவர் இடமில்லாமல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தவர் அவருடைய பழைய வாடிக்கையாளர்தான். அவ்வளவுதான் நடந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டார். இதை அவர் அவளிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

வீட்டுக்குள் வந்ததும் நேராகப் பின்னறைக்கு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடிபட்டதிலிருந்து அவர் வீட்டில் பகலில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"அந்த ஆளு வேற என்ன எழுதியிருக்காங்க? காட்டு."

அவள் தயங்கித் தயங்கிச் செய்தியைத் திறந்தாள். எழுதியவர் ஒரு பெண். நாய்களுக்கு முடி வெட்டுவது தொழில். கட்டைவிரல் மூட்டு தேய்ந்து, கத்திரிக்கோலைத் திறக்கும்போதெல்லாம் வலி உயிர் போகும். தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் கிளிப் கண்ணில் பட்டிருக்கிறது. நகலெடுத்து, மாற்றி, அச்சடித்து, மூன்று நாளாக வெட்டிக்கொண்டிருக்கிறார்.

'ஸ்பிரிங்கை விரல் வளையத்துக்கு நடுவில் வைத்திருக்கிறீர்கள். அங்கே வைத்தால் அளவுக்கு மீறித் திறந்து விரலை இழுக்கும். நான் திருகாணிக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி வைத்தேன். ஒரு சின்ன முட்டும் வைத்தேன், அதைத் தாண்டித் திறக்காது. என் கை தப்பு செய்தால் நாய் உடனே சொல்லிவிடும். உங்கள் வீட்டுக்காரர் வெட்டுகிறவர்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால் முதலில் வாய் உள்ள ஒருவரிடம் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.'

அவர் இரண்டு தடவை படித்தார். படத்தை உற்றுப் பார்த்தார். ஒரு சடை நாயின் காது, அதன்மேல் அவர்களுடைய கிளிப் மாட்டிய கத்திரிக்கோல்.

"சொல்றது சரிதான்" என்றார். பிறகு, "ஆனா ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்குது பாரு. நீயும் அப்படித்தான் வரைஞ்ச. எதுக்கு?"

"பின்ன எப்படி நிக்கும்?"

"நான் கட்டைவிரலை மட்டும்தான் ஆட்டுவேன். மேல் அலகு ஓடும், கீழ் அலகு அசையவே கூடாது. சீப்புமேல வச்ச மாதிரி நிக்கணும். கனமெல்லாம் நிக்கிற பக்கத்துல போடு. ஓடுற பக்கத்துல பட்டையோட நுனி மட்டும் தொட்டாப் போதும்."

பதினெட்டு வருஷமாக அவரோடு குடித்தனம் செய்கிறாள், ஆயிரம் தடவை கடையில் நின்று அவர் வெட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு அலகு அசையாது என்பது அவளுக்குத் தெரியாது. இடது கையில் கத்திரிக்கோலை எடுத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். அவள் காலிப்பர் வைத்து அளந்தாள்.

"எதுல வரையப்போற?" என்றார்.

"மாமியார்ல. கோப்பு நம்மகிட்டயே இருக்கும்."

"எத்தனை நாளாகும்?"

"தெரியலை. ஏழு இடத்துல செவப்பா நிக்குது."

"அந்த இன்னொண்ணுல?"

"அவங்க மாத்துனதை எடுத்து மேல வரைஞ்சா இன்னிக்கே முடிஞ்சிடும். ஆனா எல்லாரும் பாப்பாங்க."

அவர் எழுந்து வாசல் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அவள் மௌஸைத் தொடாமல் இருந்தாள்.

"அதுலயே போடு" என்றார் வாசலிலிருந்து. "குறிப்பை எடுத்துடு." இன்னும் ஒரு நடை நடந்தார். "இல்ல, குறிப்பு இருக்கட்டும். அது இல்லாட்டி இந்தச் சாமான் எதுக்குன்னு தேடுறவனுக்கு எப்படித் தெரியும்? தலைப்பை மட்டும் மாத்து. இவர் கையும் வேணாம், அவர் காலும் வேணாம்."

"என்ன போடட்டும்?"

"கத்திரிக்கோல் கிளிப்புன்னு போடேன். கிளிப்தானே அது."

அதற்குப் பிறகும் ஆறு கிளிப் ஆனது. முட்டு கால் மில்லி கூடியது, குறைந்தது. ஒன்று அழுத்திக் கவ்வி அவருடைய கத்திரிக்கோலில் ஒரு கீறலே விழுந்துவிட்டது, அதற்காக இருவரும் ஒரு வேளை பேசிக்கொள்ளவில்லை. ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் காலையில் கடை திறக்கும் முன்பே அவளையும் கூட்டிக்கொண்டு போய், கூட்டாளியை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். எலும்பு இல்ல, நரம்பு. எப்ப வரும்னு தெரியாது."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"பின்னால கட்டிக்கிட்ட கையை வச்சே தெரிஞ்சது. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

அவர் துணியைப் போர்த்தினார். "உன் தலையில வெட்டிப் பாக்கணும். வாய் உள்ளவன் வேணும்னு ஒரு அம்மா சொல்லியிருக்காங்க. தப்புன்னா உடனே சொல்லு."

அவள் வாசலில் நின்று பார்த்தாள். மூடினார், திறந்தது. மூடினார், திறந்தது. வழக்கமாக மழை ஓட்டில் விழுகிற மாதிரி விடாமல் கேட்கும் சத்தம், இப்போது ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. கால் மணி நேர வேலைக்கு ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு தடவை கையைத் தொங்கவிட்டு நின்றார்.

"அண்ணே, எடது காதுக்கு மேல படிக்கட்டு கட்டியிருக்கீங்க" என்றான் கூட்டாளி.

"தெரியுது. ஆடாம இரு."

அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் மணிக்கட்டுப் பட்டையையும் கிளிப்பையும் பார்த்தார். "கையில என்னங்க?" என்றார். "நரம்பு. இன்னும் சரியாகலை" என்றார் அவர், கத்திரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். முதலாமவர் இன்றைக்குக் கொஞ்சம் அவசரம் என்று சொல்லிக் கூட்டாளிக்காகக் காத்திருந்தார். கணவருடைய காது சிவந்ததை அவள் பார்த்தாள். இரண்டாமவர் ஒரு லாரி டிரைவர். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு எங்கயும் போக வேண்டியதில்ல. மெதுவா வெட்டுங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் மூன்று தலை. அதற்கு மேல் கை கேட்கவில்லை. இப்போதும் அவ்வளவுதான், சில நாள் நான்கு. ஏழாவது மாதத்தில் மணிக்கட்டு எழுந்துவிட்டது, பட்டையைக் கழற்றி எறிந்தார். கட்டைவிரல் இன்னும் முழுசாக விரியவில்லை. டாக்டர் பொறு என்கிறார். நாய்க்கு முடி வெட்டும் அம்மா இடது கைக்காரர்களுக்கு ஒன்று வரைந்து போட்டிருக்கிறார். அதில் ஏதோ ஓர் அளவு சரியில்லை என்று கணவரும் மனைவியும் ஒரு வாரமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்காலி கேட்டவரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் அந்தப் புதியவர் என்று பேசி முடித்தார்கள். புதியவர் நல்ல மனுஷர்தான், ஆனால் பவுடர் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் கண்ணாடிக்கு வலப்பக்கம் வைத்துவிட்டுப் போவார். தினமும் காலையில் கடைக்குள் நுழைந்ததும் அவர் முதல் வேலையாக அவற்றை எடுத்து இடது கைக்கு எட்டும்படி இடப்பக்கம் வைக்கிறார்.